வாபஸ் வாங்காத சாட்சி

சபையில் எல்லோரும் அவளைச் சாட்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு பெட்டியில் கிடந்தது. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும், "சாட்சி சொல்ல விரும்புறவங்க முன்னால வரலாம்" என்று போதகர் சொல்லி வாயை மூடுவதற்குள் இவள் பாதி தூரம் வந்திருப்பாள். ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம். போதகரின் மனைவி கையில் ஒரு சின்ன மணி இருக்கும். நேரம் முடிந்தால் ஒரு தட்டு தட்டுவார். ஊருக்கே கேட்கிற அந்த மணி சாட்சியக்காவுக்கு மட்டும் கேட்கவே கேட்காது.

எதற்குத்தான் சாட்சி என்று ஒரு வரைமுறை வேண்டாமா? தொலைந்த சாவி தலையணை உறைக்குள் கிடைத்ததா, சாட்சி. மழை பிடிப்பதற்கு முன்னால் பேருந்து வந்ததா, சாட்சி. பல் டாக்டரின் வாசலில் பல்வலி நின்றதா, அதற்கு இரண்டு வாரம் சாட்சி. "அக்கா தும்மினாக்கூட அதுல ஒரு அற்புதம் இருக்கும்" என்று பின்வரிசைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். கிண்டல் ஒரு பக்கம் என்றால் மரியாதை இன்னொரு பக்கம். வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதலில் அவளிடம் போய்த்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். போதகரும் பிரசங்கத்தில், "எத்தனை வருஷத்துக்குப் பால்குடிப் பிள்ளையாவே இருப்பீங்க? விசுவாசத்துல வளர வேண்டாமா? நம்ம சாட்சியக்காவைப் பாருங்க" என்று கையை நீட்டுவார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். தான் வளர்ந்தவள் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பாவம், வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அவள் புருஷன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உதடு அசையாமல் ஜெபித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வீடு திரும்புகிற மனிதர். "ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேட்குது, ஏன் இப்படிக் கத்துற?" என்று எப்போதாவது கேட்பார். இவள் முறைப்பாள். அவர் பேச்சை அதோடு விட்டுவிடுவார்.

வார நாட்களில் அவளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறை. அந்தக் கோடியில் துவைக்கிற இயந்திரங்கள், நடுவில் உலர்த்துகிறவை, இந்தக் கோடியில் சூடான பெரிய உருளை. ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மொறமொறவென்று வரும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலை பிடிக்க வேண்டும். ஒரு உதறு. மூலையோடு மூலை சேர்த்து ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து, ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை, ஐந்நூறு தடவை இப்படி. தனி ஆளாகச் செய்தால் விரிப்பு தரையில் புரளும். மறுபடியும் துவைக்கத்தான் போடவேண்டும்.

ஆறு வருடமாக அவளுக்கு எதிர்முனையைப் பிடித்தவளுக்குக் கடிகாரம் என்று பெயர். சலவைக்கூடத்தில் வைத்த பெயர்தான். முப்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, வாய் மட்டும் ஊரளவு. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்திருந்தார்கள். உருளை ஓடாத நேரத்தில், மடிப்போடு அவள் கிட்டே வரும்போது, உள்ளேயிருந்து டிக், டிக் என்று கேட்கும். "ஏம்மா கடிகாரம், மணி என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால், "உங்களுக்கு எப்பவும் சாப்பாட்டு நேரம்தானே, அதுக்கு எதுக்குக் கடிகாரம்?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

உலோகத்தில் ரத்தம் பட்டால் உறைந்துபோகும். உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, சாகும்வரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவரைக்கும் பிள்ளை வேண்டாம், உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் மரவேலை செய்கிறவர், நல்ல மனிதர். "நீ இருந்தா போதும்டி எனக்கு" என்று சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் போதவில்லை. குழந்தைகள் வார்டு விரிப்புகள் சின்னதாக வரும். அதை மடிக்கும்போது மட்டும் அவள் வாய் மூடியிருக்கும். இதைப் பார்த்துத்தான் சாட்சியக்கா மூன்று வருடம் முன்பு அவளைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடிகாரம் வந்தாள், நம்பினாள். அவள் முதலில் நம்பியது ஆண்டவரையா அக்காவையா என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடித்து வந்த சாட்சியக்கா, அலமாரியில் இருந்த புருஷனின் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வாரி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "நம்புறவங்க வீட்டுல இது எதுக்குங்க?" என்றாள். அவர் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் அளந்து பார்த்தபோது, "அட, ரொம்ப நல்லா இருக்கே!" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சியக்கா பேசியதை அந்த மண்டபம் மறந்திருக்காது. "மூணு வாரம்! ஒரு மாத்திரை கிடையாது! டாக்டரே ஆச்சரியப்படுறார்!" நர்ஸ் அதற்குள் டாக்டராகிவிட்டாள். முந்நூறு பேரும் எழுந்து அல்லேலூயா சொன்னார்கள். மணி அடித்தது, கேட்கவில்லை. அந்தச் சூட்டில், யோசித்து வைத்திராத வார்த்தை ஒன்றும் வாயில் வந்தது. "மாத்திரையை நம்பிக்கிட்டு ஆண்டவரை மறந்திருக்கிறவங்க இன்னைக்கே அதைத் தூக்கி எறியுங்க! சந்தேகப்படுறது சத்துருவோட வேலை!" மூன்றாவது வரிசையில் கடிகாரம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் சாட்சியக்கா பொய் சொல்லவில்லை. தெரியாமல்தான் சொன்னாள். அதை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதற்கு மேல் அவளுக்காகச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை. ஓய்வுபெற்ற மனிதர் எதற்குத் தினம் சாயங்காலம் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார் என்று அவளுக்கு ஒரு யோசனை. டப்பாவைத் திறந்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"பாலிஷ்."

"பாலிஷ் வெள்ளையா, வட்டமா, அட்டையில இருக்குமா?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குப்பைக்கூடையில இருந்து எடுத்துட்டேன்மா. ஒரு நாள் விடாம போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உன் விசுவாசம் உடையறதைப் பார்க்க மனசு வரல. என் மண்டையில நரம்பு வெடிக்கிறதைப் பார்க்கவும் மனசு வரல. ரெண்டுக்கும் நடுவுல இந்த டப்பாதான் கிடைச்சுது."

"அப்போ நான் அத்தனை பேர் முன்னாடி சொன்னது?"

"நீ சொல்லப்போறேன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? நீ எழுந்து ஓடுற வேகத்துக்கு உன்னைப் பிடிக்கப் பஸ்ஸுதான் வேணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை போய் வாபஸ் வாங்கிடு. 'என் புருஷன் ஒரு திருட்டுப் பய, ஒளிச்சு வச்சு மாத்திரை தின்னான்'னு சொல்லு. நான் எழுந்து நிக்கிறேன். சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

இதைவிட ஒரு புருஷன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அவள் அன்று சாயங்காலம் முழுக்க அழுதாள். சரி, சொல்லிவிடுகிறேன் என்றாள். நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடிகாரம் அவள் காதருகே வந்தாள். முகம் கல்யாணப் பெண்ணின் முகம் போல இருந்தது. "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் நிறுத்திட்டேன்."

"எதை?"

"மாத்திரையைத்தான். ஞாயித்துக்கிழமையில இருந்து. தினம் ஒண்ணு எடுத்துத் தொட்டியில போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டுடறேன். அவருக்குத் தெரியாது. ஆறு மாசத்துல உண்டாயிட்டு, நானும் முன்னால வந்து சாட்சி சொல்லுவேன் அக்கா. மணி அடிச்சா அடிக்கட்டும்!"

அந்த இடத்திலேயே, பாலிஷ் டப்பா கதையை நாலு வரியில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "ஏன்டி, எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்றுதான் வந்தது.

கடிகாரம் கலகலவென்று சிரித்தாள். "என்னைச் சோதிச்சுப் பார்க்கிறீங்களா? சந்தேகம் சத்துருவோட வேலைன்னு யாரு சொன்னது?"

ஞாயிறு வந்தது. சாட்சியக்கா எழுந்து முன்னால் போனாள். கடைசி வரிசையில் புருஷன் எழுந்து நிற்கத் தயாராகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போதகர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். அடுத்த மாதம் பத்து சபைகள் சேர்ந்து நடத்துகிற பெரிய கூட்டத்தில் நம்முடைய சாட்சியக்காதான் சாட்சி சொல்லப் போகிறார்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார். ஒரே கைதட்டல். சாட்சியக்கா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். பேருந்து சரியான நேரத்துக்கு வந்ததைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

அதற்கடுத்த ஞாயிறு தலைவலி என்று படுத்துக்கொண்டாள். "அடுத்த வாரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெபத்தில், "ஆண்டவரே, நான் சொன்னதை நீர் மெய்யாக்கும்" என்று கேட்டாள். எப்படிக் கேட்டிருக்கிறாள் பாருங்கள். தான் வாபஸ் வாங்க வேண்டியதை அவர் நிறைவேற்றி வைக்க வேண்டுமாம்!

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் உருளை பழுதாகி நின்றது. அறை முழுக்க அமைதி. கடைசி விரிப்பின் மடிப்போடு கடிகாரம் நடந்து வந்து முனையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கேட்டுச்சா அக்கா?"

"என்னத்தை?"

"அதான் கேட்கலையே!" அவள் கண்ணெல்லாம் நீர். சாட்சியக்காவின் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஆறு வருடமாகக் கேட்ட டிக் டிக் இல்லை. எங்கேயோ ஆழத்தில், துணியில் சுற்றிவைத்த கடிகாரம் போல, மந்தமாக என்னவோ அசைந்தது. "இரும்பு சதையா மாறுது அக்கா. எனக்குத் தெரியுது."

சாட்சியக்காவுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஒருவேளை? ஒருவேளை நிஜமாகவே நடக்கிறதோ? நடந்துவிட்டால் பாலிஷ் டப்பாவைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லையே! அந்தச் சிலிர்ப்பில் பாதி பக்தி என்றால் மீதிப் பாதி அவளுடைய மானம். அவளே பின்னால் அதை அறிந்து தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "ஸ்தோத்திரம்" என்றாள். "ஸ்தோத்திரம்" என்று கடிகாரமும் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறும் வாபஸ் வாங்காமலே கழிந்தது. திங்கட்கிழமை, வேலைக்கு வந்த கடிகாரம் அடித்தளத்துக்கு இறங்குகிற பன்னிரண்டு படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். உதட்டில் நீலம் தெரிந்தது. ஏறும்போது மூச்சு வாங்கினால் சரி, இறங்கும்போதா? அன்று சாயங்காலம் சாட்சியக்கா வீட்டில் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் கடிகாரத்தைத் துணி அடுக்குகிற அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, வெள்ளை மாத்திரை, புருஷன், மூன்று ஞாயிறு. ஒன்றையும் விடவில்லை.

"நான் சொன்னது பொய்டி. நான் பொய்க்காரி. என் தலையில அடிச்சுச் சொல்றேன், இப்பவே மேல போய் டாக்டரைப் பாரு. நான் கூட வர்றேன். வா."

கடிகாரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று சாட்சியக்கா நினைத்தாள், கோபப்படவில்லை. அவள் முகத்தில் இரக்கம்தான் இருந்தது.

"பெரிய கூட்டத்துல சாட்சி சொல்லப் போறீங்க இல்ல, அதான் சத்துரு உங்களைப் பிடிச்சு ஆட்டுறான். விசுவாசம் தளர்ந்திருச்சு உங்களுக்கு. பயப்படாதீங்க அக்கா, நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்." அங்கேயே அவள் தலையில் கைவைத்து, மூச்சு இரைக்க இரைக்க ஜெபித்தாள். சாட்சியக்கா சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்தான், வரிசைகூட மாறவில்லை.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன்டி."

"சொன்னீங்கன்னா அன்னைக்கோட நம்ம உறவு முடிஞ்சுது. அவர் என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போய் மாத்திரையைத் திணிப்பார். என் பிள்ளையை நீங்களே கொன்னமாதிரி." உண்டாகவே இல்லாத பிள்ளை.

புதன்கிழமை கடிகாரத்துக்கு விடுமுறை. சாட்சியக்கா சாயங்காலம் அவள் புருஷன் வேலை செய்கிற மரப்பட்டறைக்குப் போனாள். அவர் எங்கேயோ ஜன்னல் மாட்டப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். "என்ன விஷயம்னு சொல்லுங்கம்மா, சொல்லிடறோம்" என்றார் அங்கே இருந்தவர். மரத்தூளுக்கு நடுவே மூன்று அந்நிய ஆண்கள். அவர்களிடம் எதைச் சொல்வது? "ஒண்ணுமில்ல, நாளைக்கு வர்றேன்" என்றாள். தொலைபேசியில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. குறுஞ்செய்தியில் மூன்று வரி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். எப்படி எழுதினாலும் முதல் வார்த்தை 'நான்' என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை காலை, முப்பதாவது விரிப்போ என்னவோ. உதறினார்கள். கடிகாரத்தின் பக்கம் ஒரு மூலை கீழே விழுந்தது.

"பிடிடி."

கடிகாரம் குனிந்து பார்த்தாள். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கையோ என்பது போல அதைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்படியே வெள்ளை விரிப்பின் மேல் சரிந்தாள்.

மருத்துவமனைக்குள்ளேயே நடந்ததால் ஐந்து நிமிடத்தில் மேலே கொண்டுபோய்விட்டார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் தாளும் பேனாவுமாக ஓடிவந்தார். "கூட இருக்கிறது யாரு? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"நிறுத்தி இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

"இருபத்தஞ்சு நாளா? யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாட்சியக்கா தன் வாழ்க்கையில் சொன்ன சாட்சிகளிலேயே சின்னது அதுதான். அல்லேலூயா சொல்ல அங்கே ஆள் இல்லை.

மரவேலைக்காரர் கையில் மரத்தூளோடு வந்தார். அவரிடமும் சொன்னாள். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "உங்ககிட்ட என் நம்பர் இருந்துச்சே அக்கா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு, "தயவுசெஞ்சு இனிமே இங்க வராதீங்க" என்றார்.

வால்வில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது. மூளைக்கு ஏறிப்போன துண்டு தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துபோயிற்று. பேச்சு போயிற்று.

அதற்கடுத்த ஞாயிறு சாட்சியக்கா முன்னால் போனாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் நடந்தாள். "போன மாசம் நான் இங்க நின்னு சொன்னது உண்மை இல்ல. என் வீட்டுக்காரர் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தார். அது எனக்கு மூணாம் நாளே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், பேர் போயிடும்னு. அதைக் கேட்டு ஒருத்தி..." பழக்க தோஷத்தில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். கடைசி வரிசையில் அவள் புருஷன் சொன்னபடியே எழுந்து நின்றார், தனியாக. போதகரின் மனைவி மணியைத் தட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு அது சாட்சியக்காவுக்கு நன்றாகவே கேட்டது. "சிஸ்டர் ரொம்பத் துக்கத்துல இருக்காங்க, அவங்களுக்காக ஜெபிப்போம்" என்று போதகர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். பாட்டு தொடங்கிவிட்டது. அழைப்பிதழில் வேறு பெயர் ஒட்டினார்கள்.

வாசலில் ஒரே ஒருவர்தான் அவளிடம் வந்தார், வயதான தையல்காரர். செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டு, "அம்மா, அப்போ நான் என் சர்க்கரை மாத்திரையை மறுபடியும் போடலாமா? நீங்க சொன்ன அன்னைக்கு எறிஞ்சது" என்று கேட்டார். அவர் கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, கட்டுக்கு மேலே கறுத்திருந்தது. அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனாள். விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். இன்னும் எத்தனை பேர் எறிந்தார்களோ, யாருக்குத் தெரியும்? அந்த வாரம் வீடு வீடாகப் போனாள். பாதி வீட்டில் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்களில் பாதிப் பேர், கடிகாரத்தைப் போலவே, அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள்.

ஜெபம் அவளுக்கு வரவில்லை. முழங்காலில் நிற்பாள். "ஆண்டவரே" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. முன்பெல்லாம் வார்த்தை அருவி மாதிரி கொட்டும். இப்போது அந்த ஒரு சொல்லோடு அரைமணி நேரம் நிற்பாள். பதிலும் வராது. எழுந்து வேலைக்குப் போவாள். புருஷன் ஒரு நாள், "என்னம்மா கேட்ட?" என்றார். "ஒண்ணும் கேட்கலீங்க. கேட்க என்ன இருக்கு?" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் மரவேலைக்காரரே கூப்பிட்டார். பட்டறையில் இனி விடுப்பு தரமாட்டார்களாம், பகலில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையாம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "ஒன்பதிலிருந்து அஞ்சு வரைக்கும்" என்று மட்டும் சொன்னார். அவள் சாயங்கால வேலைக்கு மாறிக்கொண்டு வந்தாள்.

வார்டில் கடைசிப் படுக்கை. கிட்டே போனதும் கேட்டது: டிக், டிக். புது வால்வு போலத் தெளிவாகக் கேட்டது. கடிகாரத்தின் கண்கள் அவளைப் பார்த்தன.

"ஸ்தோத்திரம்" என்றாள் கடிகாரம்.

சாட்சியக்கா பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தாள். "அந்த ஒரு வார்த்தைதாங்க மிச்சம் இருக்கு" என்றாள் நர்ஸ். "சிலருக்கு அப்படி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுடும். தண்ணி வேணும்னாலும் அதான், வலிச்சாலும் அதான். ஊசி குத்தினா அதையே கத்துவாங்க. என்ன அர்த்தம்னு நாமதான் பார்த்துக்கணும்."

நர்ஸ் போனபின் அவள் படுக்கையருகே தரையில் மண்டியிட்டாள். விழாத கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி. நான் உன்னைக் கொன்னுட்டேன். உன் பிள்ளையையும் சேர்த்துக் கொன்னுட்டேன். மன்னிச்சுடு."

கடிகாரம் அவளையே பார்த்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. இடது கை அவள் விரல்களை இறுக்கியது.

"ஸ்தோத்திரம்" என்றாள். "ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்."

பழைய சாட்சியக்காவாக இருந்திருந்தால் அது போதும். மன்னித்துவிட்டாள், ஆண்டவரும் மன்னித்துவிட்டார் என்று அடுத்த ஞாயிறே இரண்டு நிமிடத்துக்கு நிற்காமல் பேசியிருப்பாள். அவளுக்கும் அந்த ஆசை தொண்டைவரை வந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது மன்னிப்பா, வலியா, தாகமா, 'போய்த் தொலை' என்பதா, அவளுக்குத் தெரியாது. தெரியாததை இனி அவள் சொல்லமாட்டாள்.

எழுந்தாள். தண்ணீரைக் குழாய் வைத்து வாயில் கொடுத்துப் பார்த்தாள், அதற்கல்ல. தலையணையைச் சரிசெய்தாள், அதற்கும் அல்ல. போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். விரிப்பு நனைந்திருந்தது.

அலமாரியிலிருந்து உலர்ந்த விரிப்பு ஒன்றை எடுத்துவந்தாள். அவர்கள் இரண்டு பேரும் மடித்ததாகவும் இருக்கலாம். கடிகாரத்தை மெல்ல ஒரு பக்கம் புரட்டி, நனைந்ததை உருவி எடுத்துவிட்டு, உலர்ந்ததை உதறினாள். எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் விரிப்பின் பாதி தரையில் விழுந்தது.